மேகம் கடக்கும் நேரம்

எல்கடுவையில் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காது. வத்துகாமத்துப் பக்கமாக ஏறி வந்தாலும் சரி, மாத்தளைப் பக்கமாக ஏறி வந்தாலும் சரி, தேயிலை மலைகள் கண்ணில் பட்டதுமே அது தெரிந்துவிடும். எதிர்மலையில் வெயில் காயும். இந்த மலையில் நிழல் கிடக்கும். இரண்டுக்கும் இடையே பள்ளத்திலிருந்து பனி எழும்பி வரும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரம் அதில் மோதி மேகமாகி, துண்டு துண்டாக இந்தப் பக்கம் வழிகிறது. ஒரு துண்டு சூரியனை மறைத்து விலகுவதற்குள் மலையின் பச்சை பல தடவை மாறிவிடும்.

இங்கே வீடியோ எடுக்க வருபவர்களில் பலர் கமராவை ஓட்டோ முறையில் போட்டுவிடுகிறார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் வெளிச்சத்தை யாரால் கையால் துரத்திக்கொண்டிருக்க முடியும் என்பது அவர்கள் நியாயம். எனக்கு அந்த நியாயம் நேர் தலைகீழாகத் தெரிகிறது. வெளிச்சம் அசையாத ஊரில் ஓட்டோவால் பெரிய கெடுதி இல்லை. எல்கடுவை போன்ற ஊரில்தான் அதை அணைத்தே ஆகவேண்டும்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். முக்காலியில் மிரர்லெஸ் கமரா. ஃபிரேமின் மேல்பாதியில் மலைச்சரிவு. கவ்வாத்து வெட்டிய பிறகு தளிர் பிடித்துச் சமமாக வளர்ந்த செடிகள் நிரை நிரையாக இறங்குகின்றன. இடையிடையே நிழல்மரங்கள். கீழ்ப்பாதியில் நாலைந்து பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள். நல்ல வெயில். மேலே ஒரு மேகம் சூரியனை நோக்கி நகர்கிறது.

ஓட்டோவில் விட்ட கமரா இதை எப்படி எடுக்கும்? நிழல் மலையின் மேல்விளிம்பைத் தொட்டதும், இருட்டிவிட்டதென்று எண்ணி ஐஎஸ்ஓவை ஏற்றும். மலை பழைய வெளிச்சத்துக்கே திரும்பிவிடும். பின்னாலிருக்கும் வானம் மட்டும் காரணமில்லாமல் வெளுக்கும். மேகம் விலகியதும் ஒரு கணம் எல்லாம் கண்கூச வெளிறி, பிறகு சட்டென்று அடங்கும். பார்ப்பவருக்கு மேகம் வந்ததே தெரியாது. கமரா தடுமாறியது மட்டும் தெரியும்.

அதே காட்சியை மெனுவலில் பூட்டிவைத்து எடுத்துப் பாருங்கள். முதலில் மேல்நிரைகள் மங்குகின்றன. இலைகளின் மேலிருந்த மினுக்கம் போய், வெளிர்பச்சை கரும்பச்சையாகிறது. நிழல்மரங்களின் நிழல்கள் தரையிலிருந்து அழிகின்றன. அதுவரை நிழலாலேயே தனித்துத் தெரிந்த நிரைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. நிழல் இறங்கிப் பெண்களைத் தாண்டும்போது அவர்கள் சேலையின் சிவப்பு, வெயிலில் இருந்ததைவிட அடர்த்தியாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் முழு மலையும் அமுங்கிக் கிடக்கிறது. பிறகு மேகத்தின் பின்விளிம்பு விலக, மலையுச்சியில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்து, நிரை நிரையாகப் படியிறங்கி வருகிறது. கடைசியில் அது ஒரு பெண்ணின் கன்னத்தில் வந்து நிற்கிறது. கமராவில் எந்தக் குமிழும் திரும்பவில்லை. நடந்ததெல்லாம் மலையில் நடந்தது.

இந்த வெளிச்சம் இறங்கி வருகிற அழகைத்தான் ரசித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அது கிடைப்பதற்குப் பின்னால் உள்ள சின்னச்சின்ன முடிவுகளும் அதே அளவு ரசிக்கத் தக்கவை.

புகைப்படக்காரருக்கு மூன்று குமிழ்கள்: அப்பச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. மூன்றையும் அவர் விரும்பியபடி திருப்பலாம். வீடியோக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவருடைய ஷட்டர் முதலிலேயே நிலைத்துவிடுகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50. பழைய ஃபிலிம் கமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சுழன்ற அரைவட்டத் தகட்டிலிருந்து வந்த வழக்கம் இது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரத்தில் பாதி திறந்திருக்கும், பாதி மூடியிருக்கும். நூறு வருஷத்துக்கு மேலாக மக்கள் திரையில் பார்த்துப் பழகிய அசைவு அதுதான். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், 1/50 வைத்தால் டியூப் லைட் துடிப்பதும் படத்தில் விழாது.

இதன் அருமை கொழுந்து கிள்ளும் கையில் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனி பிடிக்கிறது, கட்டைவிரல் மடங்குகிறது, கொழுந்து ஒடிகிறது, கை அடுத்த கிளைக்குப் போய்விட்டது. 1/50இல் எடுத்தால் விரல் நிற்கும் கணத்தில் நகக்கறை வரை கூர்மையாகத் தெரியும். விரல் பாயும் கணத்தில் மெல்லக் கலங்கும். அந்தக் கூர்மையும் கலங்கலும் மாறி மாறி வருவதில்தான் வேலையின் தாளம் இருக்கிறது. வெயில் கூடிவிட்டதென்று ஷட்டரை 1/1000க்கு ஏற்றினால் எல்லா ஃபிரேமும் கூர்மையாகிவிடும். விரல்கள் வெட்டி வெட்டி நகரும். பல வருஷப் பழக்கத்தில் ஊறிய அந்தக் கை பதற்றப்படுவதாகத் தோன்றும். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் போர்க்களத்தில் ஒளிப்பதிவாளர் ஜானுஸ் காமின்ஸ்கி ஷட்டர் கோணத்தை வேண்டுமென்றே குறுக்கியது இந்தப் பதற்றத்துக்காகத்தான். தேயிலை மலையில் அதற்கு என்ன வேலை?

எல்கடுவைக்குப் பக்கத்திலுள்ள ஹுனஸ் அருவிக்கும் இதே கதைதான். வேகமான ஷட்டரில் தண்ணீர் மணிமணியாகச் சிதறி எரிச்சலூட்டும். 1/50இல் அது இழை இழையாக விழும். அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: கறுத்த பாறைக்கு முன்னால் வெள்ளைத் தண்ணீர். பாறையைக் காட்ட ஆசைப்பட்டு அப்பச்சரைத் திறந்தால் தண்ணீருக்குள்ளிருக்கும் இழைகள் அழிந்து, சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும். பாறை கறுப்பாகவே இருக்கட்டும். தண்ணீருக்குத்தான் அங்கே போனோம்.

ஷட்டரைக் கட்டிப்போட்டாயிற்று, வெயிலை என்ன செய்வது? பழைய கணக்கொன்று இருக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால், அப்பச்சர் எஃப் 16, ஷட்டர் 1/100. வீடியோவுக்கு 1/50 வேண்டும். அதனால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடிவிட்டது. முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்ட எஃப் 2.8 வேண்டுமென்றால் 16இலிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என ஐந்து படி இறங்க வேண்டும். ஆக மொத்தம் ஆறு ஸ்டாப் மிச்சம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. லென்ஸுக்கு முன்னால் ஓர் என்டி 64 கண்ணாடியை மாட்டினால், 64இல் ஒரு பங்கு வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கணக்கு பைசா சுத்தமாகத் தீர்ந்துவிடுகிறது. மனக்கணக்காகவே இதைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் திருகி மாட்டும்போது வரும் திருப்திக்கு ஈடில்லை.

சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் என்டி கண்ணாடிகளும் உண்டு. மாறும் வெளிச்சத்துக்கு அவை வசதி. ஆனால் உள்ளேயிருப்பவை இரண்டு போலரைசர்கள். கடைசி அளவுவரை திருகினால், அகன்ற லென்ஸில் வானத்தின் மேல் ஒரு கறுப்புப் பெருக்கல் குறி விழும். இன்னொன்றும் செய்யும்: இலையின் மினுக்கத்தைத் தின்றுவிடும். தேயிலையின் முற்றிய இலைக்கு மெழுகு பூசினாற்போல் ஒரு பளபளப்பு உண்டு. அதை முழுதாக எடுத்துவிட்டால் பச்சை ஆழமாகத் தெரியும். சுற்றுலா விளம்பரங்களில் காணும் பச்சை அது. என் ரசனைக்கு அந்தப் பச்சை பொய். காலை ஏழு மணி மலையின் உயிர் அந்த மினுக்கத்தில்தான் இருக்கிறது. நான் மாற்றமில்லாத என்டியையே விரும்புவது இதனால்தான்.

மிரர்லெஸ் கமராவின் தனிச்சிறப்பு, படம் எப்படி விழும் என்பதை எடுக்கும் முன்பே காட்டிவிடுவது. கண்ணாடி வைத்த பழைய கமராவின் துவாரத்தில் தெரிந்தது வெளியே உள்ள உலகம். இதன் திரையில் தெரிவது சென்சருக்குள் விழும் உலகம். பனஸோனிக் 2008இல் கொண்டுவந்த ஜி1தான் இந்த வரிசையில் முதலாவது. அதில் வீடியோ கிடையாது. அடுத்த வருஷம் வந்த ஜிஎச்1இல் அது சேர்ந்தது. கலியாண வீட்டு வீடியோக்காரர் கைக்கும் சினிமாக்காரர் கைக்கும் நடுவே இருந்த தூரம் அப்போதிருந்து குறைந்துகொண்டே வருகிறது.

ஆனால் அந்தத் திரையை அப்படியே நம்பவும் கூடாது. வெயிலில் நின்று பார்த்தால் திரை மங்கலாகத் தெரியும்; கை தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். இரவில் திரை பளிச்சென்றிருக்கும், கை குறைக்கும். அதற்காகத்தான் ஸீப்ரா. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய இடங்களில் மட்டும் சாய்ந்த வரிகள் ஓடும். அளவை நூறுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த இடம் வெளுத்து அழியப்போகிறது என்று சொல்லும். கீழே இறக்கி வைத்தால் முகத்தின் வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். மேகம் கடக்கும் காட்சியைப் பூட்டுவதற்கு முன்னால், வெயில் அடிக்கும் நேரத்தில் ஒருமுறை ஸீப்ராவைப் பார்க்க வேண்டும். வெயிலுக்கும் மேகத்துக்கும் இடையே இரண்டு, மூன்று ஸ்டாப் வித்தியாசம் வரும். எதை மனதில் வைத்துப் பூட்டுவது? நிழலுக்கு வைத்தால், வெயில் திரும்பி வரும்போது மலை வெந்துபோகும். அழிந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெயிலுக்கு வைத்தால், நிழல் வரும்போது மலை இருளும். இருளட்டுமே. மேகம் வந்தால் இருளத்தானே செய்யும்.

பனிக்கு வேறு மரியாதை. கமராவுக்குள்ளிருக்கும் மானி, உலகமெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம், விழும் வெளிச்சத்தில் 18 வீதத்தைத் திருப்பியனுப்புவது என்ற எண்ணத்தில் வேலை செய்கிறது. முன்னால் வெள்ளைப் பனி வந்து நின்றாலும் அதை அந்தச் சாம்பலுக்கே இழுத்து வைக்கும். எல்கடுவைப் பனி அப்படி எடுக்கப்பட்டால் அடுப்புப் புகையாகத் தெரியும். மானி சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப், சிலவேளை ஒன்றரை ஸ்டாப் திறந்தால்தான் பனி வெள்ளையாகும். அதற்குமேல் திறந்தால் பனியின் சுருள் அழியும். வெள்ளையாகவும் இருக்க வேண்டும், அதற்குள் அசைவும் தெரிய வேண்டும். அந்த இடைவெளி ஒரு ஸ்டாப்கூட இல்லை. அதைப் பிடித்த படத்தில், பனிக்குள் நடந்து வரும் ஆள் முதலில் ஒரு கறையாக, பிறகு கூடையாக, பிறகு முகமாகத் தெரிவார்.

லாக் முறையில் எடுப்பவர்கள் பனியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாக் என்பது மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருட்டையும் ஒரே கோப்புக்குள் அடக்குவதற்காக எல்லாவற்றையும் நடுவுக்கு நெருக்கிவைக்கும் முறை. சோனியின் எஸ்-லாக் 3இல் நடுத்தரச் சாம்பல் 41 வீதத்தில் நிற்கும். வெள்ளைக் காகிதமே 61க்குத்தான் ஏறும். ஆகவே திரையில் எல்லாம் சோகை பிடித்துத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. அதன் அடிப்படை ஐஎஸ்ஓவும் உயரம். ஏ7எஸ் 3இல் 640, இருட்டுக்கு இன்னொன்று 12800. 640 என்றால் மேலே போட்ட வெயில் கணக்குக்கு என்டி 64 போதாது. 400க்குப் பக்கத்தில் வேண்டும். இவ்வளவும் வானமும் பள்ளமும் ஒரே ஃபிரேமில் வரும் உச்சிவெயிலுக்குச் சரி. பனி இறங்கிய மலையிலோ ஏற்கெனவே எல்லாம் மென்மையாக, சில ஸ்டாப்புக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை 8 பிட் லாக்கில் இன்னும் நெருக்கி வைத்துவிட்டு, பிறகு கிரேடிங்கில் இழுத்து விரித்தால், வழவழவென்று மங்க வேண்டிய பனி பட்டை பட்டையாக உடையும். ஒரு நிறத்துக்கு 8 பிட்டில் 256 படிகள். 10 பிட்டில் 1024. 10 பிட் இல்லாவிட்டால் பனியை லாக்கில் எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

இப்போது முகத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம் இதுதான்.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகம் கமராவுக்கு எளிதான முகம் அல்ல. நெற்றியில் கூடைக் கயிறு, தலையில் துண்டு, அந்தத் துண்டின் நிழல் கண்வரை விழுகிறது. மேனி கறுப்பு அல்லது மாநிறம். சுற்றிலும் வெயிலில் மின்னும் இலைகள். முழு ஃபிரேமையும் சராசரி பார்க்கும் மானி இலைகளுக்குத்தான் அளவு வைக்கும். முகம் ஒன்றரை ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கீழே போய்விடும். ஏப்ரல் மாதம், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், இந்தப் பகுதியில் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் எடுத்தால் கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும்.

இது கமராவின் இன்றைய குறை மட்டும் இல்லை, வரலாறு நீளமானது. 19ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகள் நீல வெளிச்சத்தைத்தான் நன்றாக உணர்ந்தன. சிவப்பை உணரவே இல்லை. சிவப்பு கலந்த நம் தோல் நிறம் அவற்றில் இருந்ததைவிடக் கறுத்து விழுந்தது. புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவர் கையிலிருந்ததும் அத்தகைய தகடுதான். பின்னால் கலர் ஃபிலிம் வந்தபோது, கொடாக் ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட ‘ஷர்லி’ அட்டைகளை வைத்திருந்தன. வீடியோ வந்தபோதும், முகத்துக்கு ஸீப்ரா 70 என்ற பாடம் வெள்ளை முகத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அந்த 70ஐ எல்கடுவையில் வைத்தால் நம் முகம் வெளிறி, இல்லாத நிறம் பூசிக்கொள்ளும். வெயில் படும் கன்னத்தின் மேட்டில் 50க்கும் 60க்கும் நடுவே வைத்தால் கறுப்பு கறுப்பாகவும் இருக்கும், அதற்குள் மினுக்கமும் இருக்கும். கறுத்த தோலின் அழகு அதன் மேல் வெளிச்சம் வழுக்கும் இடத்தில்தான்: கன்னமேடு, மூக்குத்தண்டு, வேர்வை நின்ற மேலுதடு. அந்தச் சின்னச்சின்ன வெளிச்சங்கள் அழியாமல் வந்தால் முகம் தானாகவே எழுந்து நிற்கும்.

இதை நன்றாக அறிந்திருந்த ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். புகைப்படக்காரர் லயனல் வெண்ட், 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். வெயிலில் நிற்கும் கறுத்த உடல்களை அவர் அச்சிட்ட விதத்தைப் பார்த்தால், கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டு என்பது விளங்கும். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ 1934இல் வெளிவந்தது. அதில் கேட்கும் குரல் வெண்டுடையது. தேயிலை விற்பதற்காக எடுக்கத் தொடங்கிய படம் மனிதர்களைப் பார்க்கும் படமாக வளர்ந்தது. அடுத்த வருஷம் பிரஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசும் பெற்றது.

திறந்தவெளி வெளிச்சத்தை நம்பி எடுப்பதற்கு இலங்கையில் நல்ல முன்னோடிகள் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956இல் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு வில்லியம் பிளேக். தமிழில் என்றால் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கித்துல்கலைக்குப் போனபோது டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ எடுப்பதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். பூனா திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். ‘மூன்றாம் பிறை’யின் ஊட்டி எல்கடுவைக்கு நெருங்கிய உறவு: அதே தேயிலை, அதே குளிர், அதே மூடிய வானம். அந்தப் படத்தின் முகங்களைப் பாருங்கள். ஜன்னலோரம் நிற்கும் முகத்தின் ஒரு பக்கம் இருளுக்குள் போகிறது. அவர் அதை வெளிச்சம் போட்டு மீட்பதில்லை. ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறதென்றால் ஜன்னலிலிருந்துதான் வர வேண்டும். கேத்தி ரயில் நிலையத்துக் கடைசிக் காட்சியில் மழைநாளின் நிழலற்ற வெளிச்சம் தவிர வேறெதுவும் இல்லாததுபோல் இருக்கிறது. அழுகையை அந்த வெளிச்சம் ஒளித்தும் வைக்கவில்லை, அலங்கரிக்கவும் இல்லை. ஃபிலிமில், எடுத்தது எப்படி வந்திருக்கிறதென்று லாப்பிலிருந்து வரும்வரை தெரியாத காலத்தில், மானியையும் கண்ணையும் நம்பிச் செய்த வேலை அது. ஸீப்ரா கையிலிருக்கும் நமக்கு அதைவிட நல்ல வசதி இருக்கிறது. பொறுமைதான் குறைவு.

மலையில் கமராவோடு காத்து நின்றால் பேச்சுக் கொடுக்காமல் போக மாட்டார்கள்.

“என்னா தம்பி, வெயில் வரட்டும்னு நிக்கிறீங்களா? இந்த மலையில அது வந்தோன்ன போயிரும்.”

“போறதத்தான் எடுக்கணுங்க அக்கா.”

“போறத எடுத்து என்னா செய்யிறது? கொழுந்து நிறுக்கப் போறதுக்குள்ள எடுங்க.”

அப்படிச் சொன்ன அக்காவிடம் அனுமதி கேட்டு எடுத்த காட்சியைத் திரையில் காட்டினேன். தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நா கறுப்பாத்தானே இருக்கேன், அப்பிடியே வந்திருக்கு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நிரைக்குத் திரும்பினார். ஒளிப்பதிவைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை.

இரவு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மலையகத் தோட்டங்களில் மாசி வளர்பிறையில் காமன் ஊன்றி, விடிய விடிய ஆடி, கடைசியில் காமன் எரிப்போடு முடியும் காமன் கூத்து இருக்கிறதே, எக்ஸ்போஷருக்கு அதைப்போலப் பரீட்சை வேறில்லை. ஒரு பக்கம் லயத்து வாசலில் கட்டிய எல்ஈடி பல்பு. இன்னொரு பக்கம் தீப்பந்தம். நடுவில் ஜிகினா உடுத்த ரதியும் மதனும். சுற்றிலும் இருட்டுக்குள் சனம். ஓட்டோ ஐஎஸ்ஓ இருட்டைக் கண்டதும் ஏறி, இரவைச் சாம்பல் நிறப் பகலாக்கி, அதன் மேல் நொய்ஸைத் தூவும். நெருப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். ஓட்டோ வைட் பலன்ஸ் தீயின் செம்மையைக் குறையென்று நினைத்துத் துடைத்துவிடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வைட் பலன்ஸை 3200 கெல்வினுக்கும் 4000க்கும் நடுவே ஓரிடத்தில் நிலைநிறுத்தி, நெருப்பின் நாக்கில் ஆரஞ்சு நிறம் நிற்கும்வரை அப்பச்சரை மூடினால், இரவு இரவாகும். தீப்பந்தம் அருகில் வரும்போது ரதியின் முகம் எழும், விலகும்போது அணையும். வீரபத்திரன் வெளிச்சத்துக்குள் பாய்ந்து வந்து மறுபடி இருட்டுக்குள் போவான். ஒப்பாரியின் நடுவே முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் கணங்களும் இருக்கும். அவையும் கூத்தின் பகுதிதான். காமன் எரியத் தொடங்கும்போது, அதுவரை இருட்டாயிருந்த சனத்தின் முகங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்து தெரியும். பூட்டிய கமராவுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது. ஓட்டோ கமரா சரியாக அந்த நேரத்தில் மூடிக்கொள்ளும்.

இந்தத் தோட்ட மக்கள் மன்னாரிலிருந்து நடந்து மாத்தளை வரை வந்து இந்த மலைகளில் பரவியவர்கள். அவர்கள் வந்து இருநூறு வருஷமான நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி ஒரு நடைபயணம் போனார்கள். இத்தனை காலத்தில் தேயிலைப் பெட்டிகளிலும் தபால் அட்டைகளிலும் இவர்கள் படம் எத்தனையோ தடவை அச்சாகியிருக்கிறது. பெரும்பாலும் தூரத்தில், பச்சைக்கு நடுவே நிறப்புள்ளிகளாக.

ஆகவே எல்கடுவைக்குக் கமராவோடு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையைப் பார்த்து அளவு வைக்காதீர்கள். கொழுந்தெடுக்கும் அக்காவிடம் கேட்டுவிட்டு, அவர் கன்னத்தைப் பார்த்து வையுங்கள். வானம் வெளுக்கிறதென்றால் ஃபிரேமைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளலாம். காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை நாலுக்குப் பின்னாலும் எடுங்கள். அளவு வைத்தபின், மேகம் வந்தாலும் போனாலும், அந்த ஒரு காட்சி முடியும்வரை குமிழைத் தொடாதீர்கள்.